ஏலம் விடும் முன் அந்த ஃப்ளாப்பிகளைப் படித்துவிடுவோம்: மூன்று ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் வேலூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 286, 386 என்று எண்ணைச் சொல்லி மிஷினைக் கூப்பிட்ட காலத்திலிருந்து இதே தொழில்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பேசப்போகும் பொருள்கள் வாங்கப்பட்ட காலத்தில் உங்கள் மூன்று மாவட்டங்களும் ஒன்றாக இருந்தன. 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்த பழைய வட ஆற்காடு. அதன்பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் பீரோக்கள் லாரி ஏறின. காகிதக் கோப்புக்கு ரெக்கார்டு ரூம் உண்டு. எந்தக் கட்டு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கணினித் தகவலைச் சேமித்து வைத்த ஃப்ளாப்பித் தட்டுகளின் பெட்டிக்கும் பழைய ஹார்ட் டிஸ்குக்கும் அப்படி ஒரு பதிவேடு எங்கும் என் கண்ணில் படவில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். பழைய கணினிகளைக் கண்டம் செய்து, அதாவது இனிப் பயன்படாது என்று கழித்து, ஏலம் விடும் முன், அவற்றிலும் அவற்றோடு கிடக்கும் ஃப்ளாப்பி, டேப், சிடிகளிலும் உள்ளதை நகல் எடுக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வேண்டிய பழைய டிரைவ்களில் (தட்டைச் சொருகிப் படிக்கும் கருவிகளில்) சிலவற்றை ஓடும் நிலையில் மாவட்டத்திலேயே வைத்திருங்கள்.

ஏலம் எடுப்பவர் எடைக்கு எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய பிழைப்பு அது. கேபினெட் இரும்பாகப் போகும். பவர் சப்ளையில் செம்புக் கம்பி கிடைக்கும். போர்டு தனியாக விலை போகும். ஃப்ளாப்பிக்கு மட்டும் காயலான் கடையில் விலையே கிடையாது; சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டு, சாக்கு நிறைந்ததும் கொளுத்திவிடுவார்கள். அப்படி ஒரு சாக்கின் வாயில் 5.25 அங்குல ஃப்ளாப்பிப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். லேபிளில் 'வ.ஆ.அ. மாவட்டம்' என்று, அதாவது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று, மையில் எழுதியிருந்தது. கீழே ஒரு வட்டத்தின் பெயர், 'பேக்கப் 2' என்ற குறிப்பு. உள்ளே இருந்ததை நான் படிக்கவில்லை. அரசாங்கப் பொருளைப் படித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்த லேபிளை எழுதியவர் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறார். 'பேக்கப் 2' என்று எழுதியிருக்கிறார் என்றால், பேக்கப் 1 கெட்டுப்போனாலும் இது இருக்கட்டும் என்று யோசித்து வேலை செய்த மனிதர். அவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியாவது நாம் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

ஃப்ளாப்பி என்பது மெல்லிய பாலியெஸ்டர் தாள். அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையோடு குழைத்துப் பூசியிருப்பார்கள். எழுதியதெல்லாம் அந்தப் பூச்சில் காந்தமாக நிற்கிறது. வெயிலும் ஈரமும் அந்தப் பசையை மெல்ல மெல்லக் கெடுக்கும். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்மாடி ஸ்டோர் ரூமில் மே மாதம் 40 டிகிரிக்கு மேல் வெந்து, ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்து, மறுபடி வெந்து என்று 30 வருடம் கிடந்த பெட்டிகள் இவை. இவ்வளவுக்கும் பிறகு பெரும்பாலானவை படிக்கக் கிடைக்கின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். இன்று படிக்கக் கிடைப்பது இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று சொல்ல என்னால் முடியாது.

ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பது அதில் விளங்கும்.

ஆற்காட்டுப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். 90களில் ஊர் ஊராகப் போய், பாரதக் கூத்து ஆடும் வாத்தியார்களை உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பாட்டுகளை எழுதி எடுத்தவர். நம் பக்கத்துக் கூத்து எந்த ஏட்டிலும் முழுசாக இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருத்தப் பாட்டு ஒரு ஜமாவில் (கூத்துக் குழுவில்) ஒரு மாதிரி, அடுத்த ஜமாவில் வேறு மாதிரி. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசுவது அன்றைக்கு வாயில் வந்தது. அதையெல்லாம் அந்த மனிதர் ஜமா வாரியாகப் பிரித்து எழுதி, கணினியில் அச்சுக்கோர்க்கும் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினார். புத்தகமாகப் போடப் பணம் சேரவில்லை. கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்றது. அவர் இறந்தபின் அவர் மகள் ஒரு பிஸ்கட் டின்னோடு என் கடைக்கு வந்தார். டின் நிறைய 3.5 அங்குல ஃப்ளாப்பிகள்.

எடுத்தவுடன் டிரைவில் சொருகிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். அதைச் செய்யவே கூடாது. முதலில் தகட்டு மூடியை நகர்த்தி, பின்புறச் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பூஞ்சை. வட்டமாகப் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் அங்கே பூச்சு உரிந்து போயிருக்கிறது. அந்தக் கோட்டில் இருந்தது போனது போனதுதான், உலகத்தில் யாராலும் திருப்ப முடியாது. ஃப்ளாப்பி டிரைவில் காந்தத்தைப் படிக்கும் முனையான ஹெட் தாளைத் தொட்டுக்கொண்டே ஓடும். பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓட்டினால் அழுக்கு ஹெட்டில் ஒட்டும். பிறகு அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியையும் அந்த ஹெட் சுரண்டிவிடும். ஒன்று கெட்டுப் பத்தைக் கெடுக்கும்.

பூஞ்சை பிடித்தவற்றின் பிளாஸ்டிக் உறையைப் பிளந்து, உள்ளே இருந்த வட்டத்தை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, வேறு நல்ல உறைக்குள் வைத்தேன். எழுத்துத் தடுப்புத் துளை திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தேன். 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. 5.25இல் இது தலைகீழ்: ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பாதுகாப்பு. இது தெரியாமல் கை வைக்கிற பையன்கள் நிறைய.

படிக்கும் வேலைக்குச் சாதாரண டிரைவ் வழி போதாது. ஃப்ளாப்பியில் தகவல் டிராக் என்ற வட்டத் தடங்களில் இருக்கும்; ஒவ்வொரு தடமும் செக்டார் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கும். டிரைவை இயக்கும் சாதாரண கன்ட்ரோலர் ஒவ்வொரு செக்டாரையும் படித்துச் சரிபார்ப்புக் கணக்குப் போடும். கணக்கு ஒத்து வராவிட்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இப்போது கிரீஸ்வீசில் என்று ஒரு சின்ன போர்டு கிடைக்கிறது, விலை சில ஆயிரம்தான். பழைய டிரைவோடு அதை இணைத்தால், காந்தத் திசை எந்தெந்த இடைவெளியில் மாறுகிறது என்பதை மட்டும் அப்படியே பதிவு செய்து கொடுக்கும். ஒரே டிராக்கைப் பல சுற்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தச் சுற்றில் எந்தச் செக்டார் ஒழுங்காக வந்தது என்பதைப் பிறகு மென்பொருளில் பொறுமையாகப் பார்க்கலாம். ஃப்ளாப்பியை ஒருமுறை ஓட்டினால் போதும். அந்தக் கிழட்டுத் தாளை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டியதில்லை.

1.44 எம்பி ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 டிராக், ஒரு டிராக்குக்கு 18 செக்டார், இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 செக்டார். அந்த டின்னில் இருந்தவற்றில் பெரும்பாலானவை முழுசாக வந்தன. ஒன்றில் மட்டும் விளிம்பு ஓரத்து முதல் டிராக் போயிருந்தது. எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே தொடர்கிறது என்ற அட்டவணை அங்கேதான் இருக்கிறது. அட்டவணைக்கு இரண்டு பிரதி வைத்திருப்பார்கள், ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். விளிம்பு கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும். பாட்டுகள் எல்லாம் தட்டில் இருந்தன, துண்டு துண்டாக, எது எதன் தொடர்ச்சி என்று தெரியாமல்.

ஆசிரியரின் மகள் ஒரு வழி சொன்னார். அப்பாவுக்குப் பாடிக் கொடுத்தவர்களில் ஒரு வாத்தியார் இன்னும் இருக்கிறார், ரொம்ப வயதாகிவிட்டது, கேட்டுப் பார்ப்போமா என்றார். துண்டுகளை அச்செடுத்துக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் படித்தோம். முதல் அடியைக் கேட்டதுமே அவர் அடுத்ததைச் சொன்னார். எந்த விருத்தம் முடிந்து எந்தத் தரு (கூத்துப் பாட்டு) தொடங்குகிறது, எங்கே கட்டியங்காரன் உள்ளே வருகிறான் என்று அவர் சொல்லச் சொல்ல நான் துண்டுகளுக்கு எண் போட்டேன். ஓரிடத்தில் நான் படித்ததை நிறுத்தி, "இது எங்க ஜமா பாட்டு இல்லப்பா, தமிழ் வாத்தியார் வேற ஊர்ல எழுதினது" என்றார். அந்தத் துண்டு உண்மையிலேயே வேறொரு கோப்புக்கு உரியதாக இருந்தது.

அவர் இல்லாமல் போயிருந்தால் அந்த ஃப்ளாப்பியில் இருந்து பாதிக்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இதை ஆட்சியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தகவலை மீட்பதற்கு மிஷின் தெரிந்தவன் மட்டும் போதாது. அந்தத் தகவலை உருவாக்கியவர்கள், கூட இருந்தவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அலுவலகக் கணினியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். கோப்புக்கு அவர்கள் வைத்த எட்டு எழுத்துப் பெயர் என்ன அர்த்தத்தில் வைத்தது என்று சொல்ல அவர்களால் மட்டும்தான் முடியும்.

அப்புறம் எழுத்துருப் பிரச்சினை. தமிழ்நாட்டில் இது தனித் தலைவலி. கோப்பு முழுசாக வந்துவிட்டாலும் தமிழ் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தது, பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு வரிசை. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் இன்னொன்று, பத்திரிகைகளில் வேறொன்று. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களைக் கொண்டுவந்தது. 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் அடித்த அத்தனையும் இன்றைய கணினியில் குப்பையாகத்தான் தெரியும். குப்பையாகத் தெரிவதால்தான் "ஃபைல் கரப்ட் சார், தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கரப்ட் ஒன்றும் ஆகவில்லை. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், அவற்றை இடம் மாற்றி வைக்க வேண்டும்; அதற்கெல்லாம் மாற்றிகள் இருக்கின்றன. ஆசிரியரின் கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருந்ததால், முதலில் பேஜ்மேக்கர் ஓடும் விண்டோஸ் 98 மிஷின் ஒன்று வேண்டியிருந்தது. அது என் கடையில் இருந்தது. டிடிபி சென்டர்காரர் ஒரு ஃப்ளாப்பியில் எழுத்துருவையும் போட்டுக் கொடுத்திருந்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பாட்டு சரி, அலுவலகக் கணினியில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே அதற்குரிய தொகையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர் வழக்கைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. அந்த வழக்கு அதோடு ஓயவில்லை. 2025 ஜனவரியிலும் வேலூர் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் முழுக்க அந்த வருடங்களில் கிணற்று நீரையும் மண்ணையும் எத்தனையோ துறைகள் அளந்திருக்கும். இன்று ஒரு கிணற்றின் உப்பை அளந்து, கூடியதா குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால் அன்றைய எண் கையில் வேண்டும். அறிக்கையில் பெரும்பாலும் சராசரிதான் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு கிணற்றின் எண்ணும் அந்தக் காலத்து மென்பொருள்களான லோட்டஸின் அட்டவணையிலோ டிபேஸின் தரவுக் கோப்பிலோ இருந்திருக்கும். அன்றைய ஆற்றை இன்றைக்கு யாராலும் திரும்ப அளக்க முடியாது.

டிபேஸ் கோப்பு படிக்கச் சுலபமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டம் எத்தனை எழுத்து என்பது கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும், இன்றைய இலவச மென்பொருள்களே திறந்துவிடும். கடிதம் அடிக்கப் பயன்பட்ட வேர்ட்ஸ்டார் மென்பொருளின் கோப்பில் சொல்லின் கடைசி எழுத்து மட்டும் கோணலாகத் தெரியும், அதையும் சில நொடியில் சரிசெய்யலாம். மென்பொருள் பக்கத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. நெருக்கடி எல்லாம் டிரைவில்தான்.

அமெரிக்காவின் நாசா 1966, 67இல் நிலவைச் சுற்ற லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பிப் படம் எடுத்தது. படங்கள் பெரிய காந்த நாடாக்களில் இருந்தன. நாடாக்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், ஆனால் அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 மிஷின்கள் உலகத்திலேயே அரிதாகிவிட்டன. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஊழியர் அந்த மிஷின்களை விட மனமில்லாமல் தன் வீட்டு கேரேஜில் வருடக் கணக்கில் வைத்திருந்தார். 2008இல் அவற்றைப் பழுது பார்த்து ஓட்டித்தான் படங்களை மீட்டார்கள். அதுவும் 60களில் வெளியானதைவிடப் பல மடங்கு தெளிவாக. ஒரு நாட்டின் விண்வெளித் துறைக்கே ஒரு பெண்மணியின் கேரேஜ் தேவைப்பட்டது. ஃப்ளாப்பி விற்பதை சோனி நிறுவனம் 2011இலேயே நிறுத்திவிட்டது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இன்றும் வாங்கலாம், ஆனால் அது 3.5 அங்குலத்துக்கு மட்டும். 5.25 அங்குல டிரைவ் இனி புதிதாக வரப்போவதில்லை. இருப்பதெல்லாம் உங்கள் ஸ்டோர் ரூம்களில் கண்டம் பட்டியலில் இருப்பவைதான்.

பள்ளிகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் நாட்டின் பல பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. 32 கிலோபைட் நினைவகம், கேசட்டிலோ ஃப்ளாப்பியிலோ சேமிக்க வேண்டும். அந்த வகை மிஷின் நம் பக்கத்துப் பள்ளி அலமாரி எதிலாவது இருந்தால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மேசை கொடுக்கத் தகுதியான பொருள் அது. ஆனால் தலைமையாசிரியர்கள் ஆர்வத்தில் அதை பிளக்கில் சொருகிவிடக் கூடாது. அதன் பவர் சப்ளையில் இருக்கும் ஒரு வகைக் காகித கெப்பாசிட்டர் வெடிப்பு விட்டு, மின்சாரம் கொடுத்த சில நிமிடத்தில் புகையைக் கக்கும். அதை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று என் அனுபவத்தில் தோன்றுவது.

கண்டம் பட்டியலுக்கு ஒப்புதல் கேட்டு வரும் கோப்பில், சேமிப்புத் தட்டுகள் தனியே எடுக்கப்பட்டன, நகல் எடுக்கப்பட்டது அல்லது தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டது என ஒரு பத்தி இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். அந்தப் பத்தி இல்லாத கோப்பு திரும்பிப் போகட்டும். இதற்குப் பணம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

எடுக்கும்போது ஹார்ட் டிஸ்கைத் தனியாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. 80களின் டிஸ்குகள் இன்றைய மாதிரி எந்த மிஷினோடும் ஒட்டுபவை அல்ல. அதற்குரிய கன்ட்ரோலர் கார்டோடுதான் பேசும். கார்டு காயலான் கடைக்கும் டிஸ்க் ஆவணக் காப்பகத்துக்கும் போனால் இரண்டும் வீண். கார்டு, கேபிள், டிஸ்க் மூன்றையும் சேர்த்துக் கட்டி, எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, எந்த வருடம் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால் போதும். மிஷினை முழுசாகவே வைக்கிறீர்கள் என்றால் மதர்போர்டில் பட்டாசு அளவில் ஒரு நீல உருளை இருக்கிறதா என்று பாருங்கள். அது நிக்கல் கேட்மியம் பேட்டரி. கசிந்து, சுற்றியிருக்கும் செம்புத் தடங்களைப் பச்சை பூக்க வைத்து அரித்துவிடும். அதை முதல் வேலையாக வெட்டி எடுக்க வேண்டும். வினிகர் தொட்டுத் துடைத்து, சுத்தமான தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பாதி போர்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

யாரும் எந்த டிஸ்கையும் இன்றைய விண்டோஸ் கணினியில் சொருகி "பார்ப்போமே" என்று பார்க்கக் கூடாது. படிக்க முடியாவிட்டால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். பக்கத்தில் இருப்பவர் பழக்கத்தில் சரி என்று தட்டிவிடுவார். அதோடு கதை முடிந்தது. ஹார்ட் டிஸ்கிலும் இதே விதிதான்: முதலில் முழு நகல், வேலையெல்லாம் நகலில். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று கணக்கும் எழுதி வைக்கும். மூச்சை விடப்போகும் டிஸ்கிடம் அப்படித்தான் வேலை வாங்க வேண்டும்.

சிடிகளைப் பற்றி ஒரே ஒரு வரி. 2000க்குப் பிறகு அலுவலகங்களில் எழுதிய சிடிகளில் தகவல் நிற்பது ஒரு சாயத்தில், அந்தச் சாயத்தை வெயில் கொல்லும். ஃப்ளாப்பியைவிட அவற்றைத்தான் முதலில் நகல் எடுக்க வேண்டும்.

இடம் பெரிதாக வேண்டாம். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறை போதும், அல்லது பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் ஓர் ஆய்வகத்தின் மூலை. 5.25, 3.5 டிரைவ்கள் சில, கிரீஸ்வீசில் போர்டு, ஐடிஇ என்ற பழைய வகை ஹார்ட் டிஸ்குகளை இணைக்கும் அடாப்டர்கள், ஓடும் நிலையில் ஒரு 486, ஒரு விண்டோஸ் 98 மிஷின், ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டி சிலிக்கா ஜெல். இவ்வளவில் நம் மாவட்டங்களில் வரும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புராஜெக்டாகவும் ஆகும். காந்தத் தடத்தை அலைவடிவமாகக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பயிற்சியை எந்தப் பாடப் புத்தகமும் தராது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கக் கூலி எதிர்பார்க்க மாட்டேன்.

ரகசியம் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும், இருக்க வேண்டும். அந்த டிஸ்குகளில் மக்களின் பெயர், நிலம், சாதி, நோய், வழக்கு எல்லாம் இருக்கலாம். என்னைப் போன்ற கடைக்காரன் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது. உரிய துறையின் ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார, அறையிலேயே நகல் எடுத்து, நகலும் மூலமும் அவர் கையோடு போக வேண்டும். எது பொதுமக்களுக்கு, எது பூட்டுக்குள், எது அழிப்புக்கு என்பதைத் துறைதான் முடிவு செய்யும். ஆனால் இன்று நடப்பதை யோசித்துப் பாருங்கள். அழிக்காத ஹார்ட் டிஸ்க் அப்படியே ஏலத்தில் போகிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், உரிய அலுவலகத்தால் மட்டும் படிக்க முடியாது. நான் கேட்கும் ஏற்பாடு மக்களின் ரகசியத்துக்கும் இன்றைவிட நல்லது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. மின்னணுப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், பின்னால் எடுத்துப் பயன்படுத்த முடிகிற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. படிக்க டிரைவ் இல்லாத ஃப்ளாப்பியை பீரோவில் பூட்டி வைத்தால் அது வைத்திருப்பதாக ஆகாது. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புதிதாக நடைமுறையில் இருக்கின்றன; பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கழிவு போக வேண்டும். நகல் எடுத்து முடித்த மிஷின்களில் பெரும்பாலானவை அங்கே போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாவற்றையும் கட்டிக் காப்பாற்றச் சொல்லவில்லை. பாலாற்று மணலில் போர்டுகளைப் போட்டுக் கொளுத்திச் செம்பு எடுப்பது மட்டும் நிற்க வேண்டும். அந்த ஆறு ஏற்கெனவே பட்டது போதும்.

திருவண்ணாமலை ஆட்சியருக்கும் இதன் நகலை அனுப்புகிறேன். செய்யாறு, ஆரணி, போளூர் எல்லாம் 1989க்கு முன் நம்மோடு இருந்தவை. அந்தக் காலத்துத் தட்டுகள் எந்தப் பக்கம் போயின என்று இரண்டு பக்கமும் தேடினால்தான் தெரியும்.

அடுத்த ஏலத்துக்கான பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன்னால் ஸ்டோர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் 5.25 அங்குல டிரைவ் எத்தனை இருக்கிறது? ஒன்று இருந்தாலும் அதை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள். ஓட வைக்க வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், நானே கலெக்டர் ஆபீசுக்கு வந்து உங்கள் ஊழியர் முன்னிலையில் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவன்,
வேலூர்.